பதினெட்டு நாள் ஈரம்

— முனையை நல்லா இழுத்துப் பிடிடா. நடுவுல தொங்குது பாரு. தரையில பட்டா மறுபடியும் முதல்லேருந்து துவைக்கணும்.

— பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்க்கா. கை வரமாட்டேங்குது. சத்தியமா முடியல. காலையில ஒன்பது மணிக்கே இந்தக் கதின்னா சாயங்காலம் என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்.

— உன்னைத் தூக்க இங்கே யாரு இருக்கா? எனக்கே தோள்பட்டை கழண்டு விழுற மாதிரி இருக்கு. இது எத்தனாவது விரிப்பு?

— பதினொண்ணு. கூடையில இன்னும் இருபது கிடக்கு. கீழே மெஷின்ல ஒரு லோடு சுத்திட்டிருக்கு. மூணு மாடிப் படி, முதுகுல ஈரத்துணி. சலவைக்கடைன்னு போர்டு மாட்டியிருக்கோம் பாரு, அதைக் கழட்டிட்டு மூட்டை தூக்கும் நிலையம்னு மாட்டிடலாம்.

— லாட்ஜ்லேருந்து மத்தியானம் ஆள் வந்துடும், கேட்டியா. அதுக்குள்ள நாப்பது விரிப்பாவது காஞ்சு, மடிச்சு, கட்டி இருக்கணும்.

— வரட்டும். ஈரமாவே எடுத்துட்டுப் போய் அவங்களே ஊதி ஊதிக் காய வெச்சுக்கட்டும்.

— வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. துரை எழுந்தாச்சா? எட்டிப் பாரு.

— எந்தத் துரை?

— இந்த வீட்டுல ரெண்டு துரை. ஒருத்தரை நான் அஞ்சரைக்கு உலுக்கி எழுப்பிட்டேன். ட்ரையர் குழாயில குடியிருக்கிறவரைக் கேக்குறேன்.

— இரு, சுவரோரம் போய்ப் பாக்குறேன்... எழுந்துட்டாருக்கா. குழாய் வாயில உக்காந்து ஊரைப் பாத்துட்டிருக்காரு. வாயோரம் இன்னும் மஞ்சள் போகல. ஆனா இறக்கையெல்லாம் முழுசா முளைச்சாச்சு. அவங்க அப்பனைவிடக் கொழுகொழுன்னு இருக்காரு.

— அவங்க அம்மா மைனா எங்கே?

— எதிர்க் கம்பியில. வாயில ஒரு வெட்டுக்கிளி வெச்சிருக்கா. கிட்ட வரல. அங்கேருந்தே கூப்பிடுறா, வந்து வாங்கிக்கோன்னு.

— இவன் என்ன பண்றான்?

— ஒரு காலை முன்னாடி வெக்கிறான். கீழே எட்டிப் பாக்குறான். மூணு மாடி உயரம், தலை சுத்தாதா? அவ்வளவுதான், காலை எடுத்து உள்ளே வெச்சுக்கிட்டான். திரும்பி நின்னுக்கிட்டான். இப்போ வால்தான் தெரியுது.

— கூடப் பிறந்த மூணும் பறந்து போய் நாலு நாள் ஆச்சு. இது மட்டும் ஏன்டா இப்படிப் பிறந்திருக்கு?

— நம்ம ட்ரையரைச் சொல்லணும். பெல்ட் அறுந்து ஒன்றரை மாசம் சும்மா கிடந்துச்சு. சூடு வெளியே போறதுக்கு இந்த மாடி வரைக்கும் வர்ற குழாய்ல சூடும் இல்ல, சத்தமும் இல்ல. கேக்க ஆளில்லாத வீடுன்னு குடிவந்துட்டாங்க.

— புது பெல்ட் மாட்டி இன்னைக்குப் பதினெட்டு நாள், கேட்டியா. சுவிட்சைப் போட்டா இந்தக் கூடை முழுக்க அரை மணி நேரத்துல காஞ்சிடும். ஆனா போட்டா துரை உள்ளேயே வெந்துடுவாரு.

— மெக்கானிக் அண்ணன் வேற வழியே இல்லைன்னுதானே சொன்னாரு?

— ம்... குஞ்சு போற வரைக்கும் ஓட்டாதீங்கன்னாரு. பழைய பேச்சு எதுக்கு இப்போ? அடுத்ததை எடு.

— எடுக்குறேன். நீ அந்தக் கோடி முனையைப் பிடிக்காத, கையைத் தூக்கணும். இந்தப் பக்கம் வா.

— கிளிப்பு எங்கே?

— உன் இடுப்புலதான் சொருகியிருக்க. அக்கா, அந்தப் பூனை இன்னைக்கும் வந்துடுச்சு. சந்துல குப்பைத் தொட்டி மூடி மேல உக்காந்து அண்ணாந்து பாத்துட்டிருக்கு. ஓட்டல் வாசல்ல சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற மாதிரி.

— அதைப் பாத்துத்தான் பயப்படுறானோ என்னவோ, பாவம்.

— மத்த மூணுக்கும் கண்ணில்லையா? அதுங்களும் பூனையைப் பாத்துட்டுத்தான் போச்சு. எனக்கென்னவோ இவனுக்குப் பசியே இல்லைன்னு தோணுது. அவங்க அம்மா நாலு நாளா கூட்டுக்குள்ள ஒண்ணும் கொண்டு வரல. பசிச்சா தானா வெளியே வருவான்னு பாக்குறா. இவன் என்னடான்னா வத்தவே மாட்டேங்குறான்.

— எப்படி வத்துவான்?

— என்ன சொன்ன?

— ஒண்ணுமில்ல. விரிப்பை உதறு, சுருக்கமா இருக்கு.

— எதையோ முழுங்குற. சொல்லு.

— சாயங்காலம் நான் ஒரு முட்டை அவிக்கிறேன் இல்ல?

— ஆமா, தோள் வலிக்குன்னு டாக்டர் சொன்னது. அதுக்கென்ன?

— மஞ்சள் கருவை நான் சாப்பிடறதில்ல.

— அக்கா!

— கத்தாத, அது பயந்துக்கும். நாலு நாளாத்தான். என்னை என்ன பண்ணச் சொல்ற? அவ கல்லு மாதிரி கம்பியில உக்காந்திருக்கா. இது வாயைப் பொளந்துகிட்டுக் கத்துது. எவ்வளவு நேரம் ஒரு பொம்பளை கேட்டுட்டே துணி மடிக்கிறது? வெந்நீர்லேருந்து துணி எடுப்போமே, அந்த நீள இடுக்கி. அதுல கொஞ்சம் வெச்சு நீட்டினேன். ஒரே வாயில முழுங்கிடுச்சு.

— அதான் இடுக்கி முனை பிசுபிசுன்னு இருந்துச்சா! நான் சரியா கழுவலையோன்னு நினைச்சேன்.

— நீ எதுக்குடா இடுக்கியைக் கழுவுற?

— அது வந்து...

— டேய்.

— பால்ல நனைச்ச ரொட்டி. காலையில, நீ குளிக்கப் போற நேரமாப் பாத்து.

— அடப்பாவி! நீயுமா?

— நீ முட்டை போடலாம், நான் ரொட்டி போடக்கூடாதா?

— பால் ஏன் டம்ளருக்குக் குறையுதுன்னு நான் பால்காரர்கிட்டச் சண்டைக்கு நின்னேன்டா. அவர் முகத்துல இனிமே எப்படி முழிக்கிறது?

— சிரிக்க வைக்காத, விலாவெல்லாம் வலிக்குது. அவ ஒருத்தி மனசைக் கல்லாக்கிட்டு பட்டினி போடுறா. நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ரெண்டு வேளை விருந்து வெக்கிறோம். இவன் எப்படிப் பறப்பான்? நானா இருந்தாலும் பறக்க மாட்டேன்.

— நீ எங்கே பறந்த?

— என்னது?

— ஒண்ணுமில்லடா. வாய் தவறி வந்துடுச்சு. இன்னைக்கு ரொட்டி போட்டியா?

— போடல. நீ சீக்கிரம் குளிச்சிட்டு வந்துட்ட. பேச்சை மாத்தாத. நான் எங்கே பறந்தேன்னு கேட்ட இல்ல? அதை முழுசாச் சொல்லு.

— சொன்னா வருத்தப்படுவ.

— ஏற்கெனவே பட்டாச்சு.

— உன் நீலச் சட்டை. அந்த மெக்கானிக் வந்துட்டுப் போன அன்னைக்கு, காலையிலேயே துவைக்கப் போட்டிருந்த. பாக்கெட்ல ஒரு கடுதாசி இருந்துச்சு.

— பாத்துட்டியா?

— இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில் பண்றேன். ஊரான் சட்டையில ஒரு பஸ் டிக்கெட்டைக்கூட நான் நனைய விட்டதில்ல. தம்பி சட்டையைப் பாக்காம போடுவேனா?

— பதினெட்டு நாளா ஒரு வார்த்தை கேக்கலையே.

— நீ ஏன் சொல்லல?

— பாக்கெட்ல விட்டா நீ கண்டிப்பா எடுத்துப் பாப்பேன்னு தெரியும். வாயால சொல்ல வரலக்கா. ரெண்டு தடவை அடுப்படி வரைக்கும் வந்தேன். ‘உப்பு சரியா இருக்கா’ன்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன். அதான் சட்டையிலயே விட்டேன். நீயா ஆரம்பிப்பேன்னு பாத்தேன்.

— நான் நீ ஆரம்பிப்பேன்னு பாத்தேன்.

— நல்ல குடும்பம். அது இப்போ எங்கே?

— அலமாரியில, என் துணிக்கு நடுவுல. வேர்வையில கசங்கிப் போயிருந்துச்சு. இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்.

— கடுதாசிக்கா இஸ்திரி போட்ட?

— மேல ஒரு கைக்குட்டையை விரிச்சு, லேசான சூட்டுல. எழுத்து ஒண்ணும் கலையல. கப்பல்ல சலவைப் பிரிவு, எட்டு மாசம், சாப்பாடு தங்குற இடம் அவங்களே. நாலு தடவை படிச்சேன். பெரிய கப்பலாடா?

— ரெண்டாயிரம் பேர் ஏறுற கப்பல். ஒரு நாளைக்கு ஆறாயிரம் துண்டு துவைக்கணுமாம்.

— ஆறாயிரமா! காய வைக்க மொட்டை மாடி இருக்குமா?

— அங்கே எல்லாம் மெஷின்க்கா. மாடியும் இல்ல, மைனாவும் இல்ல.

— எப்போ கிளம்பணும்?

— நாளைக்குச் சாயங்காலம் ரயில். இன்னைக்குப் பதினொரு மணிக்குள்ள சரின்னோ இல்லைன்னோ சொல்லணும். இல்லைன்னுதான் சொல்லப் போறேன்.

— ஏன்?

— இதென்ன கேள்வி? இந்த ஈரத்தையெல்லாம் யாரு தூக்குவா? நீ ஒத்தைக் கையால தூக்குவியா? ட்ரையர் ஓடாம உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போறது?

— ஓடிட்டா?

— எங்கே ஓடுது? துரை வீட்டைக் காலி பண்ணாத்தானே?

— பண்ணிட்டா போவியா?

— பண்ணட்டும், அப்போ பாக்கலாம்.

— இப்படித்தான்டா ஒவ்வொரு தடவையும். ஒரு காலை முன்னாடி வெப்ப. கீழே பாப்ப.

— அக்கா, வேண்டாம்.

— பதினஞ்சு வருஷம் முன்னாடி பெரிய டவுன்ல துணிக்கம்பெனி வேலைக்குப் போன. ஞாபகம் இருக்கா?

— எப்படி மறக்கும்? ஊரே மறக்க விடலையே. நாலே நாள்ல திரும்பி வந்தேன்னு இன்னைக்கும் சிநேகிதனெல்லாம் என்னை ‘நாலுநாள்’னுதான் கூப்பிடுறான். இந்தக் கப்பல் வேலைக்குச் சிபாரிசு பண்ணவன்கூட போன்ல ‘என்னடா நாலுநாள், வரியா?’ன்னுதான் ஆரம்பிச்சான்.

— நீ ஏன் திரும்பி வந்த?

— அதுவும் உனக்குத் தெரியாதா? நீ போன் பண்ணி ‘தோள் வலிக்குதுடா’ன்னு சொன்ன. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சேன்.

— வலிச்சுது. பொய் இல்ல. நிஜமாவே வலிச்சுது. ஆனா சொல்லாம இருந்திருக்கலாம்.

— விடுக்கா.

— விடறதுக்கு இல்ல. அம்மாவுக்கு அப்புறம் அப்பாவும் போனப்போ உனக்கு ஒன்பது வயசு. அப்போலேருந்து ரெண்டு தட்டு வெச்சுத்தான் எனக்குப் பழக்கம். நீ போன மொத நாள் சாயங்காலம் ரெண்டு தட்டையும் எடுத்துட்டேன். ஒண்ணைத் திரும்ப அலமாரியில வைக்க முடியல. அப்படியே கையில வெச்சுக்கிட்டு அழுதேன். நாலு நாள் தாங்கினேன். அஞ்சாவது நாளுக்கு எனக்குத் தெம்பு இல்ல. போனை எடுத்துட்டேன்.

— இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?

— சொன்னா நீ போயிடுவியோன்னு.

— உண்மையைச் சொல்லட்டுமா? நீ போன் பண்ணலைன்னாலும் வந்திருப்பேன். அந்த நாலு நாளும் ரூமை விட்டு வெளியே சாப்பிடக்கூடப் போகல. யார்கிட்டப் பேசுறதுன்னு தெரியல. கம்பெனி வாசல் வரைக்கும் போவேன், திரும்பிடுவேன். நீ கூப்பிட்டப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு காரணம் கிடைச்சுதேன்னு.

— அப்போ நான்தான் கெடுத்தேன்னு பதினஞ்சு வருஷமா மனசுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருந்தேனே, அது?

— வீண்தான்.

— போடா. எத்தனை நாள் தூக்கம் போச்சு தெரியுமா?

— மணி என்னக்கா?

— பத்து ஆகப்போகுது. இந்தக் கூடை முடிஞ்சாச்சு. கீழே லோடு நின்னிருக்கும்.

— நான் போய் எடுத்துட்டு வரேன்.

— இரு. அவ எங்கேடா? கம்பியில காணோம்.

— இந்தப் பக்கம் வந்துட்டா. தண்ணித் தொட்டி மேல. அதே வெட்டுக்கிளிதான் இன்னும் வாயில.

— குஞ்சு கத்துது பாரு. நேத்து சாயங்காலம் தின்னது. பதினஞ்சு மணி நேரம் பட்டினி.

— கொஞ்சூண்டு ரொட்டி...

— இடுக்கியைத் தொட்ட, கையை ஒடிச்சிடுவேன். நீயும் போடாத, நானும் போடமாட்டேன். என்னைப் பிடிச்சுக்கோ, எனக்கே கீழே ஓடிப் போகணும் போல இருக்கு.

— அக்கா, அங்கே பாரு! அவளே முழுங்கிட்டா! பிள்ளை கண்ணு முன்னாடியே வெட்டுக்கிளியைத் தின்னுட்டா!

— ஐயோ, என்ன மனசுடா அவளுக்கு!

— அவன் திகைச்சுப் போயிட்டான். வாயைத் திறந்தபடியே நிக்கிறான். இனிமே யாரும் கொண்டு வரமாட்டாங்கன்னு புரிஞ்சிடுச்சு போல.

— வெளியே வரானா?

— ரெண்டு காலும் விளிம்புல. இறக்கையை விரிக்கிறான். மூடிட்டான். மறுபடியும் விரிக்கிறான். உடம்பெல்லாம் நடுங்குதுக்கா. இங்கேருந்தே தெரியுது.

— பூனை?

— எழுந்து நிக்குது.

— நீ கையைத் தட்டாத. சத்தம் போடாத. அவனாப் போகட்டும். என் கையைப் பிடிடா.

— பிடிச்சிருக்கேன்.

— ஐயோ! விழுந்துட்டானா?

— இல்ல, இல்ல! அடிக்கிறான், இறக்கையை அடிக்கிறான். சாய்ஞ்சு சாய்ஞ்சு வரான். மேல வரான்க்கா, நம்ம பக்கம்!

— டேய், விரிப்புல! பதினாலாவது விரிப்புல தொத்திட்டான்!

— அசையாத.

— வெள்ளை வெளேர்னு துவைச்சது... அடேய், பண்ணிட்டான். எச்சம் போட்டுட்டான்டா!

— பயத்துல பண்ணியிருப்பான். போகட்டும் விடு, நான் துவைக்கிறேன்.

— நம்மளையே பாக்குறான். ரொட்டி, முட்டை ரெண்டும் ஒரே இடத்துல நிக்குதேன்னு பாக்குறானோ?

— ஒண்ணும் இல்ல ராசா. எங்க கையில ஒண்ணும் இல்ல. போ.

— போடா கண்ணு. அவ அங்கேதான் இருக்கா. போ.

— கிளம்பிட்டான்! இந்தத் தடவை சாயல. நேராப் போறான். தண்ணித் தொட்டி மேல இறங்கிட்டான்க்கா! அவ பக்கத்துலயே!

— ஊட்டுறாளா?

— தொட்டி ஓரத்துலேருந்து எதையோ கொத்தி எடுத்துக் குடுக்கிறா. ஆமா, ஊட்டுறா. அக்கா, நீ ஏன் அழற?

— யாரு அழுதா? சோப்புத் தண்ணி கண்ணுல பட்டுடுச்சு. ஆமாடா, அழறேன். அழக்கூடாதா? மணி பாரு.

— பத்தே கால்.

— போனை எடு.

— அக்கா...

— துரை வீட்டைக் காலி பண்ணியாச்சு. இனிமே ட்ரையர் ஓடும். பக்கத்துத் தையல்கார அம்மா மகள் வேலை கேட்டுட்டே இருக்கா, அவளை வரச் சொல்லிக்கிறேன். மடிக்கிறதுக்கு ஆள் ஆச்சு. தோளுக்கு மருந்து இருக்கு. உனக்கு இனிமே என்ன காரணம் இருக்கு? சொல்லு.

— பயமா இருக்கு. அதுதான் காரணம்.

— எனக்கும்தான் இருக்கு. ரெண்டு பேரும் பயந்துட்டு இந்த மாடியிலயே எத்தனை வருஷம் விரிப்பு காயப்போடுறது? நம்பரை அழுத்துடா.

— நாலு நாள்ல திரும்பி வந்தா?

— நடுக்கடல்லேருந்து எந்த பஸ்ஸைப் பிடிச்சு வருவ? அழுத்து.

— ஹலோ, சார்? சலவைப் பிரிவு வேலை விஷயமா... ஆமா சார், ‘நாலுநாள்’தான். அவன் அங்கேயும் சொல்லிட்டானா? ... சரி சார். வரேன். ஆமா, முடிவாத்தான் சொல்றேன், நாளைக்குச் சாயங்கால ரயில்ல கிளம்பிடுறேன். ... எட்டு மாசமும் இருப்பேன் சார். வெச்சிடுறேன்.

— சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். போனை இன்னும் ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கேன் பாரு.

— பாத்தேன். அவனும் இப்படித்தான் விளிம்பை இறுக்கிப் பிடிச்சிருந்தான்.

— உனக்கு ஒத்தைத் தட்டு...

— அதை நான் பாத்துக்கிறேன். தோள் வலிச்சா டாக்டர்கிட்டச் சொல்றேன், உனக்கு போன் பண்ணிச் சொல்லமாட்டேன். போதுமா?

— வலிச்சா சொல்லு. நான் வரமாட்டேன், ஆனா சொல்லு.

— சரிடா.

— நான் குழாயில இருக்கிற கூட்டை எடுத்துட்டு, கீழே போய் ட்ரையரைப் போடுறேன். லாட்ஜ்காரர் வர்றதுக்குள்ள ரெண்டு லோடாவது காஞ்சிடும்.

— டேய், நில்லு. நீ கீழே போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். நாளைக்கு நீ போனப்புறம் இதையும் மனசுல வெச்சுக்கிட்டு இன்னொரு பதினஞ்சு வருஷம் என்னால அரிக்க முடியாது.

— என்னக்கா?

— குஞ்சு போற வரைக்கும் ஓட்டக்கூடாதுன்னு அந்த மெக்கானிக் சொல்லவே இல்லடா. பின்னாடி குழாயைக் கழட்டி, வேற ஒரு குழாயை ஜன்னல் வழியா விட்டா அன்னைக்கே ஓட்டலாம், அரை மணி நேர வேலைன்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். அன்னைக்குக் காலையிலதான் அந்தக் கடுதாசியைப் பாத்திருந்தேன். ஈரம் சுமக்க வேண்டியிருந்தா நீ போகமாட்டேன்னு எனக்குத் தெரியும். பதினெட்டு நாள் உன் முதுகை ஒடிச்சேன். என் தோளையும் ஒடிச்சுக்கிட்டேன். திட்டுடா.

— தெரியும்க்கா. அவர் முதல்ல என்கிட்டதான் கேட்டாரு. நானும் வேண்டாம்னுதான் சொன்னேன்.